ஊத்தாதே அண்ணன்

ஐயய்யோ, ஊத்தாதீங்கம்மா! அந்த டம்ளரை இப்படிக் குடுங்க. திட்டலம்மா, பயப்படாதீங்க. நான் இந்த ஆஸ்பத்திரி பிளம்பரு. என் முதுகுக்குப் பின்னாடி நர்ஸ் பொண்ணுங்க எனக்கு வெச்சிருக்கிற பேரே ஊத்தாதே அண்ணன்தான். பால்தானேன்னா? பாலுதான். அதான் வேண்டாங்கறேன்.

இந்தக் கை கழுவுற தொட்டிக்குக் கீழ வளைஞ்சு ஒரு குழாய் போகுது பாருங்க, அதுல எந்நேரமும் தண்ணி நிக்கும். உள்ள பூரா வழவழன்னு பிசுக்கு. கிருமி அங்கதான் குடித்தனம் பண்ணுது. பாலு, ஜூஸுன்னு நாம ஊத்தினா அதுக்கு விருந்து. தின்னு பெருத்து மேல ஏறி வந்துடும். மேல குழாயைத் திறந்து தண்ணி நேரா ஓட்டையில விழுந்து தெறிக்கும்போது அதுவும் சேர்ந்து தெறிக்கும், கையில, துண்டுல, பக்கத்துல வெச்ச மாத்திரையில. அதுக்குத்தான் எல்லாக் குழாயையும் ஓட்டைக்கு நேரா இல்லாம மாத்தி வெச்சுக்கிட்டு வர்றேன். நமக்கு ஒண்ணும் ஆகாது. ஆபரேஷன் ஆன உடம்பு தாங்காதும்மா.

உங்க அம்மாவா கட்டில்ல இருக்கிறது? குடிக்க முடியலையா? நர்ஸுக்குத் தெரியாம கொட்டச் சொன்னாங்களா? அது சரி.

கடைசி ரூம்ல ஒருத்தங்க இருந்தாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்காரரு தினமும் சூப்பு வெச்சுக் குடுத்துட்டு வேலைக்குப் போவாரு. சமைக்கத் தெரியாத மனுஷன். கேரட்டைப் பூப்பூவா வெட்டிப் போட்டா ஆசையா சாப்பிடுவாங்கன்னு ஒரு நெனப்பு. சாயங்காலம் வந்து பாத்தா பாத்திரம் காலி. ஒரு பொட்டு மிச்சம் வைக்கலைன்னு பாக்கிறவங்ககிட்டயெல்லாம் பீத்திக்குவாரு. ஆனா அவங்களுக்கு ஒரு வாய் இறங்கல. அவரு மனசு நோகக் கூடாதுன்னு, ட்ரிப்ஸ் கம்பியைத் தள்ளிக்கிட்டே எழுந்து போய்த் தொட்டியில ஊத்தியிருக்காங்க.

அப்புறம் காய்ச்சல். ரத்தத்துல கிருமி. அதே கிருமி தொட்டிக் குழாயிலயும் இருக்கான்னு பாக்கணும், கழட்டுங்கன்னாங்க டாக்டரு. இருந்துச்சு. கழட்டும்போதே பிசுக்கோட பிசுக்கா வாளியில விழுது, பாதிப் பூவும் கால் பூவுமா.

வீட்டுக்காரருக்குத் தெரியுமான்னா கேக்குறீங்க? தெரியும்மா. கழட்ட வேற ஆளை அனுப்புறோம்னுதான் சொன்னாங்க. என் பொண்டாட்டி ரூமு, நானே பாத்துக்கிறேன்னுட்டேன்.

கையைக் கழுவிட்டு அவகிட்ட போனேன். ஏண்டி இப்படிப் பண்ணேன்னு கேக்கத்தான் போனேன். கண்ணைத் திறந்தா. இன்னிக்கு சூப்பு நல்லா இருந்துச்சுங்கன்னா. நாளைக்கும் கொண்டாறேன்னேன். அதுக்கப்புறம் அவ கண்ணே திறக்கல.

அன்னிக்கு நான் சூப்பே கொண்டு போகலம்மா.

சரி, போங்க. அம்மா குடிக்கலைன்னு நர்ஸ்கிட்ட சொல்லுங்க. திட்டினா திட்டட்டும்.