முதல் பக்கத்தில் என் பெயர்

மொழிபெயர்ப்பாளர் சங்கத் தலைவர் ராடிம் அவர்களே, மறைந்த அம்மையாரின் தங்கை மகள் மிலுஷே அவர்களே, இந்தப் பிர்னோ நூலக அரங்கில் நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் வாசகப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் போகுமீர் வாவ்ரா. ட்ரெபீச் ஊரில் முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன். 'வடக்குக் கரை வீடு' நாவலைச் செக் மொழிக்குத் தந்தவர் என்று சொல்லித்தான் தலைவர் என்னை இந்த மேடைக்கு அழைத்தார். உங்களில் பலரும் என்னை அப்படித்தான் அறிவீர்கள். அந்த அறிமுகத்தைத் திருத்தவே வந்திருக்கிறேன். ஆனால் முதலில் அம்மையாரைப் பற்றிப் பேச வேண்டும்.

ஸ்வதாவா கோரெட்ஸ்கா யார்? நாற்பத்தொரு ஆங்கில நூல்களை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தவர். எந்தச் சொல்லையும் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஊகித்து எழுதாதவர். ஒரு கதையில் துறைமுகத் தொழிலாளர்கள் திட்டிக்கொள்ளும் இடம் வருகிறது. அந்த இரண்டு பக்கங்களுக்காக நம் சரக்கு ரயில் நிலையத்தில் போய் நின்றவர் அவர். நோட்டும் கையுமாக நின்றவரைப் பார்த்து ஒரு தொழிலாளி, "என்னம்மா, எங்களைப் போட்டுக்குடுக்கவா வந்திருக்கீங்க?" என்று கேட்டாராம். "இல்லைப்பா, திட்டக் கத்துக்க வந்திருக்கேன்" என்றாராம் இவர். அதன் பிறகு ஆளாளுக்குப் போட்டி போட்டுக்கொண்டு சொல்லிக் கொடுத்தார்களாம்.

அப்படிப்பட்டவரிடம் 1970இல் ஒரு தாளை நீட்டினார்கள். 1968இல் நம் தெருக்களில் வந்து நின்ற சோவியத் படைகள் நமக்கு உதவ வந்தவை என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை, போடாவிட்டால் இல்லை. அவர் தாளை வாங்கி இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். மறுவாரம் பதிப்பகத்தில் அவருடைய மேசையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு ஆண்டுகள் அம்மையார் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டார். அவர் பெயரில் ஒரு வரியும் அச்சாகக் கூடாது என்பது உத்தரவு.

பெயர்தானே அச்சாகக் கூடாது? அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. எழுதியதன் மேல் போடுவதற்கு அவருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. பழைய நண்பர் ஒருவர் என்னிடம் வந்து கேட்டார். என் மனைவியிடம்கூடச் சொல்லாமல் சம்மதித்தேன். பிடிபட்டால் என் வேலை போகும், என் மகளுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடிவிடும். தெரிந்துதான் சம்மதித்தேன். அவையோரே, என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அதையும் பாதியில் கெடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் மாதங்களில் அம்மையாரும் நானும் எல்லோரையும் போலக் காளான் பறிக்கக் காட்டுக்குப் போவோம். இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிக் கூடை. கூடைகள் கை மாறும். காளானுக்கு அடியில் தட்டச்சுத் தாள்கள் இருக்கும். ஒருமுறை அமைச்சகத்திலிருந்து ஓர் ஆள் பள்ளிக்கு வந்து, "உங்க இங்கிலீஷ் இவ்வளவு நல்லாவா இருக்கு?" என்று என்னைக் கேட்டார். நல்ல அகராதி வைத்திருக்கிறேன் என்றேன். அவர் அகராதியின் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

இப்படி ஏழு நூல்கள் என் பெயரில் வந்தன. அவற்றில் ஒன்றுதான் 'வடக்குக் கரை வீடு'. 1978இல் வெளிவந்த அன்றே மதியத்துக்குள் நம் கடைகளில் தீர்ந்துபோனது. கலங்கரை விளக்கக் காவலனும் ஒரு கைம்பெண்ணும் பேசிக்கொள்ளும் கதை. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான். நம் மொழியில் அப்படி முடியுமா? 'நீங்கள்' எங்கே முடிந்து 'நீ' எங்கே தொடங்குகிறது என்பதை மொழிபெயர்ப்பவர்தான் முடிவு செய்தாக வேண்டும். ட்ரெபீச் நூலகத்தில் எனக்கொரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். ஒரு வாசகி எழுந்து, இருவரும் சண்டை போடும் பக்கத்தில் ஏன் அவளை முதலில் 'நீ' என்று பேச வைத்தீர்கள் என்று கேட்டாள். நான் தண்ணீர் குடித்தேன். கடைசி வரிசையில், சலவைக்கூடத்திலிருந்து நேரே வந்திருந்த ஒரு பெண்மணி கையைத் தூக்கினார்.

"நான் சும்மா படிச்சவதான். எனக்குத் தோணுறதைச் சொல்றேன். கோபத்துலதான் அவளுக்கு 'நீ' வந்துருச்சு. ஒருதடவை வந்துட்டா அப்புறம் மறுபடி 'நீங்க'ன்னு போக முடியாதுல்ல, வாத்தியாரே?"

ஆமாம் என்றேன். அரங்கம் எனக்குக் கைதட்டியது. அவரும் தட்டினார்.

அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. அது உண்மை. ஆனால் வெட்கத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. கைதட்டல் பிடித்திருந்தது. என் மகள் ஹெட்விகா அப்போது பத்து வயதுப் பெண். அந்த நாவலின் முதல் பக்கத்தை மனப்பாடம் செய்து பள்ளியில் ஒப்பித்தாள். 'எங்கப்பா எழுதின வாக்கியம்' என்று ஊரெல்லாம் சொன்னாள். அதனால்தான் ஆங்கிலம் படித்தாள்.

ஆட்சி மாறியது. 1991இல் பதிப்பகங்கள் இரவல் பெயர்களை நீக்கி உண்மையான பெயர்களைப் போடத் தொடங்கின. ஆறு நூல்களுக்கு உடனே எழுதிக் கொடுத்தேன். ஏழாவதற்குக் கை வரவில்லை. அந்த ஆண்டு ஹெட்விகா தன் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். தலைப்பு: 'வடக்குக் கரை வீடு' நாவலின் செக் மொழிநடை. நான் அம்மையாரின் வீட்டுக்குப் போய், பெண் பட்டம் வாங்கும்வரை பொறுக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஏழுல எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான். அதைத்தான் கேக்குறீங்க" என்றார். பிறகு, "எத்தனை நாளைக்கு?" என்றார்.

ஒரு வருடம் என்றேன். அவையோரே, அந்த ஒரு வருடம் இருபத்தைந்து வருடம் நீண்டது. 1978இன் முதல் பதிப்போடு சேர்த்து நான்கு பதிப்புகள் வந்தன. நான்கிலும் என் பெயர். இதோ தலைவரின் மேசையில் நான் வைத்திருக்கும் இந்தப் பதக்கம் மூன்றாம் பதிப்புக்கு இதே சங்கம் தந்தது. வாங்கும்போது முதல் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். இந்த முறை அவர் கைதட்டவில்லை.

ஹெட்விகாவும் மொழிபெயர்ப்பாளர் ஆனாள். அவளுடைய முதல் நூலைத் திருத்தித் தந்தவர் யார்? ஸ்வதாவா அம்மையார்தான். வாரம் இரண்டு நாள் என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து வரி வரியாகத் திருத்தினார். 'வாக்கியத்தை நேசிக்கக் கற்பித்த என் தந்தைக்கு' என்று அவள் போட்ட சமர்ப்பணமும் அவர் கண்ணில் பட்டது. அதில் கை வைக்கவில்லை.

இதைவிடப் பெரிய கொடுமையும் நடந்தது. 2008இல் என் மகள் ஓர் இதழில் கட்டுரை எழுதினாள். கோரெட்ஸ்காவின் நடையில் வாவ்ராவின் தாக்கம் இருக்கிறது என்று, எடுத்துக்காட்டுகளோடு. அன்று காலை என் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"வாத்தியாரே, உங்க பொண்ணு கெட்டிக்காரி. ரெண்டும் ஒரே குரல்னு கண்டுபிடிச்சுட்டா. யாரோடதுன்னுதான் மாத்திச் சொல்லிட்டா."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிட்டதில்லை. மறுப்பு எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்க. ஆனா அவகிட்ட முதல்ல சொல்லிட்டு எழுதுங்க. பத்திரிகையைப் பார்த்து அவ தெரிஞ்சுக்கக் கூடாது" என்றார். மறுப்பை அன்றே எழுதி உறையில் போட்டேன். மகளிடம் சொல்லும் நாளுக்காக அது இழுப்பறையில் காத்திருந்தது. எட்டு ஆண்டுகள் காத்திருந்தது. யாருக்குப் பயந்தேன்? அமைச்சக ஆளுக்குப் பயப்படாதவன், சொந்தப் பெண்ணின் முகத்துக்குப் பயந்தேன்.

இந்த ஆண்டு மார்ச் மாதம் மருத்துவமனையில் அம்மையாரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொன்னதாக இங்கே சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. "எனக்குக் கோபம் இருக்கு. இப்ப எதுக்கு மன்னிப்பைக் கேட்டு வாங்கிட்டுப் போகணும்னு வர்றீங்க?" என்றார். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒன்பது நாளில் போய்விட்டார்.

நான்கு நாட்களுக்கு முன் ஹெட்விகாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்: "அவங்க பக்கத்துல உட்கார்ந்து நான் உங்க பேரைச் சொல்லிச் சொல்லிப் பெருமை அடிச்சேனே, அப்பவும் உங்களுக்குத் தெரியும்ல அப்பா?" தெரியும் என்றேன். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. இன்று வந்திருக்கிறாள். மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். அவள் வந்தது எனக்காக அல்ல, தன் ஆசிரியைக்காக.

இத்தகைய கூட்டங்களில் மறைந்தவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்வது வழக்கம். அவருடைய பணியைத் தொடரும் தகுதி எனக்கு எந்நாளும் இருந்ததில்லை. அதை இந்த அரங்கில் இருக்கும் இளையவர்கள் செய்வார்கள். செய்யத் தெரிந்த ஒருத்தி மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். எனக்கு உரிய பணி சிறியது. பதிப்பகத்துக்குக் கடிதம் போய்விட்டது. ஐந்தாம் பதிப்பு சரியான பெயரோடு வரும். பழைய பிரதிகள் இந்த மாவட்டத்தின் நூலகங்களில் இருக்கின்றன. எனக்கு வயது எண்பத்தொன்று. நடக்க முடிகிறவரை ஒவ்வொரு நூலகமாகப் போய், நூலகர் அனுமதியோடு, முதல் பக்கத்தில் என் பெயரை என் கையாலேயே அடித்துத் திருத்துவேன். திங்கட்கிழமை ட்ரெபீச்சில் தொடங்குகிறேன்.

தலைவர் அவர்கள் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லப் போகிறார். அதற்கு முன் ஒரு வரியைப் படித்துவிட்டு இறங்குகிறேன். முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட இதை நான் உரக்கச் சொன்னதில்லை.

வடக்குக் கரை வீடு. நாவல். ஆங்கிலத்திலிருந்து செக் மொழியில்: ஸ்வதாவா கோரெட்ஸ்கா.