முதற்பலனாகப் போன செடி

தனுவச்சபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவள் என்று பேச்சில் தெரிந்தது.

“கர்த்தருக்குக் கொடுத்த மரச்சீனியைத் திருப்பிக் கேக்க முடியுமா மக்கா?” என்றாள் தாய். மரவள்ளியைத்தான் அப்படிச் சொன்னாள்.

“கர்த்தரா அம்மா தின்னாரு? சபை லேலத்தில எவனோ கூடுதல் காசு சொல்லி எடுத்துட்டுப் போனான்.”

“முதல் விளைச்சலை முதற்பலனாட்டு கொடுக்கும்பம் நல்லதாட்டு கொடுக்கணுமில்லியா? மத்த செடியெல்லாம் இலை சுருண்டு போச்சு. அது ஒண்ணுதான் பச்சையாட்டு நின்னுது. அதான் மூட்டோட வேரோட பிடுங்கிக் கொண்டுபோனேன்.”

“நோய் பிடிக்காத அந்த ஒரு செடிக்காக்கும் யூனிவர்சிட்டியில நாங்க இத்தனை வருசம் பாடுபட்டது. அதைத்தான் நம்ம தோட்டத்தில நட்டு வச்சிருந்தேன்.”

“எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?”

“சொன்னா அக்கம்பக்கம் முழுக்க நடுகதுக்குக் கம்பு முறிச்சுக் கொடுத்திருப்பிய.”

“கொடுத்திருந்தா இப்பம் அங்க போய் கேக்கலாமே, மக்கா.”

“ஒரு சாண் கம்பு கிடைச்சாப் போதும், நட்டு வளத்துருவேன். எடுத்தது ஆரு?” என்றாள் மகள்.

“வெளியூர்க்காரரு, ஒரு வயசான சாரு. வாற ஞாயிறு ஒவ்வொரு சபையா போய் விசாரிப்போம்.”

அந்த வயதானவன் நான்தான். முன்பொரு நாள் அந்தச் சபை வழியாகப் போகையில் ஆசைப்பட்டு ஏலத்தில் எடுத்தேன். கிழங்கை அவித்து மீன்கறியோடு தின்றேன். கம்பை வெட்டிக் காயவைத்து அடுப்பில் எரித்துவிட்டேன். அதைச் சொல்லியிருந்தால் அவர்கள் தேடி அலையாமலாவது இருந்திருப்பார்கள். நான் வாய் திறக்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.