நாலு மணி நேரத்துக்குள்

வேலையையும் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு எப்படி சார் ஓடுகிறீர்கள் என்று நிறையப் பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். தாம்பரத்தில் எங்கள் ஓட்டக் குழுவில் இதைப் பற்றி ஒருமுறை என்னைப் பேசவே வைத்தார்கள். கொஞ்சம் திட்டமிட்டால் போதும் என்றேன். இன்ஸ்பெக்டர் மேடம், உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன்.

எனக்கு சிறுசேரியில் வேலை. போக வரவே பொழுது சரியாகிவிடும். என் மனைவி கிறிஸ்டினா நர்ஸ், பெரும்பாலும் இரவு டியூட்டி. எனக்கென்று மிஞ்சியது விடியற்காலை மட்டும்தான். முழு மாரத்தானை நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது என் ஆசை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. இந்த ஒன்றுதான்.

பக்கவாதம் வந்தபிறகு மாமியார் ரோஸி பம்மல் வீட்டைக் காலிசெய்துவிட்டு எங்களோடு வந்துவிட்டார். ஒரு பக்கம் கை கால் வராது. நல்ல மனுஷி. ஆனால் நான் கதவைத் திறக்கும் சத்தத்துக்கே விழித்துக்கொள்வார்.

"மாப்ளே, வாய் காஞ்சி கீது. தண்ணி குடு."

தண்ணீர் கொடுத்தால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். பிறகு துணி மாற்ற வேண்டும். எல்லாம் முடிவதற்குள் வெயில் ஏறிவிடும்.

இரவில் தூக்கம் வராவிட்டால் பாதி கொடுங்கள் என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதியிருந்தார். அதை விடியற்காலையில் கொடுக்க ஆரம்பித்தேன்.

"இன்னா மாத்திரை மாப்ளே, இப்டி கசக்குது?"

"சத்து மாத்திரை அத்தை."

வண்டலூர் வரை ஓடித் திரும்பும் நாட்களில் பாதி போதவில்லை. முழுசாகக் கொடுத்தேன். பிறகு இரண்டு. அத்தை பகலிலும் தூங்கத் தொடங்கினார். சாப்பாடு குறைந்தது. வயசாகிறது இல்லையா என்று கிறிஸ்டினாவுக்கு ஆறுதல் சொன்னேன்.

பந்தயத்தன்று விடியுமுன்பே கிறிஸ்டினா போன் செய்தாள். காலையில் மாற்று ஆள் வரமாட்டாராம், மதியம்தான் வருவேன் என்றாள். எதிர் வீட்டுப் பச்சையம்மா அக்காவைக் கூப்பிட்டிருந்தால் வந்து உட்கார்ந்திருப்பார். ஆனால் எல்லாவற்றுக்கும் அடுத்தவரைத் தொந்தரவு செய்வது எனக்குப் பிடிக்காது. நான்கு மாத்திரைகளைப் பொடித்து வாழைப்பழத்தில் பிசைந்து ஊட்டினேன்.

"நீ நல்லா ஓடிட்டு வா மாப்ளே. நான் உனக்காக ஜெபம் பண்ணிக்கினு இருப்பேன்" என்றார்.

பால்கனியில் உடற்பயிற்சி முடித்து உள்ளே வந்தேன். அத்தையின் மூச்சு குறட்டைபோல இழுத்தது. நின்றது. வெகுநேரம் கழித்து மறுபடி இழுத்தது. உதடு கறுத்திருந்தது. மூச்சைப் பற்றி ஓடுகிறவனுக்குத் தெரியாததில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அன்றைய நாள் அத்தோடு போயிற்று. ஒரு வருஷப் பயிற்சி. போனை மேஜைமேலேயே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

நாலு மணி நேரத்துக்குள் முடித்தேன். பொங்கல் கொடுத்தார்கள், சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்தபோது அத்தையின் கை ஜில்லென்றிருந்தது. பழம் பிசைந்த தட்டைக் கழுவிவைத்துவிட்டு, கிறிஸ்டினா வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.

அவள் வந்து அம்மாவின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"ஆல்வின், நீ கிளம்பும்போது அம்மாவுக்கு உயிர் இருந்துதா?"

"இருந்துது" என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. அப்போதுதான் அவள் உங்களைக் கூப்பிட்டாள்.

எல்லாம் தெரிந்துதான் செய்தேன் மேடம், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அத்தையைத் தனியாக விட்டுவிட்டுப் போனேன் என்று மட்டும் எழுதாதீர்கள். டிவியில் ஜெப சேனலைப் போட்டுவிட்டுத்தான் போனேன்.