கிண்ணத்தில் ஒரு பெயர் போதும்

மன்றத் தலைவர் ஜெரிசனுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

மன்றத்துக் கரம்போட் பலகைக்கு மாவு போடும் வேலையை யாரும் எனக்குத் தரவில்லை, நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் போட்டால் தங்கள் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிடும். நான் போட்டால் நாலு மூலையும் ஒரே வழுக்கல். சின்ன விஷயம்தான். ஆனாலும் அது சரியாக இல்லாவிட்டால் எனக்கு விளையாட மனம் வராது.

மாவட்டக் கிண்ணத்தில் என் பெயருக்குக் கீழே ‘பயிற்றுநர்: லியோன்’ என்றும் பொறிப்பதாகச் சென்ற கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறீர்கள். அதை மறுத்துத்தான் இதை எழுதுகிறேன். காரணத்தை முழுதாகச் சொல்லாமல் மறுத்தால் பொறாமை என்பீர்கள்.

கைபேசியில் கோபுரம் உடைக்கும் அந்தப் பழைய சண்டை விளையாட்டு உங்களுக்கு நினைவிருக்கும். காசு கட்டினால் வாளுக்குப் பலம் ஏறும். நாங்கள் மூன்று மாதம் விளையாடிச் சேர்ப்பதை லியோன் ஒரு பின்னேரத்தில் எடுத்துவிடுவான். பாரிசில் இருக்கும் அவனுடைய அக்கா ஜெசிதா அங்கிருந்தே கட்டிவிடுவார். நான் பத்துத் தரம் அடித்தாலும் அவனுக்குக் கீறல். அவன் ஒரு தரம் அடித்தால் என் கதை முடிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதை மாற்றியவன் நான். விளையாட்டுச் செயலாளர் என்ற முறையில் பதினொரு விளையாட்டுகளை இறக்கிப் பார்த்தேன். சிலதில் இலவசம் என்று சொல்லிவிட்டுப் பத்தாம் நாள் கை நீட்டினார்கள். சிலதில் நல்ல வீரர்களெல்லாம் பூட்டுக்குள் கிடந்தார்கள். கடைசியில் ஒன்று அகப்பட்டது. முதல் நாளே எல்லா வீரர்களும் எல்லாருக்கும் திறந்திருந்தார்கள். காசு கட்டினால் உடுப்பு மாறும், அடி மாறாது. இனி அதைத்தான் விளையாடுவது என்று கூட்டத்தில் நான் கேட்டபோது முதலில் கை உயர்த்தியவன் லியோன்.

“காசாலைதான் வெல்லுறான் எண்டு இனி ஒருத்தரும் சொல்லேலாது. பெரிய உபகாரம், றொகானண்ணை,” என்றான்.

அதற்குப் பிறகும் அவன்தான் வென்றான். ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் நாங்கள் இருவரும் மோதிய பதினான்கு ஆட்டங்களிலும் அவன்தான். நான் ஆற அமர யோசித்துப் பார்த்தேன். காசை மட்டுமே நான் அகற்றியிருந்தேன். அவனுடைய வலது பெருவிரல் அப்படியே இருந்தது. கண் இமைக்கும் நேரத்தில் அது மூன்று இடத்தில் அழுத்தும். அது அவனுக்குப் பிறப்பிலேயே கிடைத்தது, உழைத்து எடுத்ததல்ல. அக்காவின் காசும் அப்படித்தானே. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது எனக்கு விளக்கட்டும்.

அதே விளையாட்டில் மாவட்டப் போட்டி, மன்றத்துக்கு ஒருவர் என்று அறிவித்தல் வந்தது. யார் போவது என்று நீங்கள் கதைக்கக்கூட இல்லை. லியோனின் பெயரை எழுதிவிட்டுத் தேநீர் குடித்தீர்கள்.

அவனும் நானும் என் ஐயா இன்னாசித்தம்பியின் சிறகுவலையில் ஒன்றாக மீன்பிடித் தொழில் செய்பவர்கள். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மீனை அள்ளிக் கூடையில் கொட்டியதும் ஒருவர் மட்டும் திருக்கைகளைப் பொறுக்கி, வாலில் இருக்கும் நஞ்சு முள்ளைக் குறட்டால் முறிப்பார். முடிந்ததும் “முள்ளு முறிச்சாச்சு” என்று உரத்துச் சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் கேட்கும்வரை மற்றவர்கள் கூடைக்குள் கை வைக்கமாட்டார்கள். கேட்ட பிறகு குனிந்து பார்க்கவும் மாட்டார்கள். எங்கள் வள்ளத்தில் ஒன்பது வருடமாக அந்த வேலை என்னுடையது. ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

நீங்கள் பெயர் எழுதிய மறுநாள் காலை வலையில் ஏழு திருக்கைகள் பட்டிருந்தன. ஆறை முறித்தேன். ஏழாவதை இறாலுக்கும் மணலை மீனுக்கும் அடியில், லியோன் எப்போதும் கை விடும் பக்கமாக வைத்தேன்.

“முள்ளு முறிச்சாச்சு,” என்றேன். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது.

கையில் எந்த இடத்தில் குத்தும் என்பது திருக்கையின் பாடு. அதில் நான் தலையிடவில்லை. வலது பெருவிரலின் அடியில் குத்தியது. இரண்டு கிழமையில் விரல் அழுகி, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். நான் ஒவ்வொரு நாளும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

“அவ்வளவு மீனுக்கை ஒண்டு கண்ணிலை தப்புறது வழமைதானே, அண்ணை. நீங்கள் அதை நினைச்சு மனம் உடையாதேங்கோ,” என்றான்.

என் கண்ணில் எதுவும் தப்பவில்லை. அதை இங்கே எழுத்தில் தருகிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவனுடைய இடத்துக்கு என்னை அனுப்பினீர்கள். போட்டியாளருக்குப் பின்னால் ஒருவர் இருந்து சொல்லிக்கொடுக்கலாம் என்று விதியில் இருந்தது. யாரும் கேட்காமலே லியோன் கட்டுப்போட்ட கையோடு வந்து என் பின்கதிரையில் இருந்தான். “அவசரப்படாதேங்கோ அண்ணை, அவன் கிட்ட வரட்டும். இப்ப அடியுங்கோ,” என்று ஐந்து ஆட்டங்களுக்கும் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான். ஐந்திலும் வென்றேன். நீங்கள் என்னைத் தோளில் தூக்கினீர்கள். எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது; இவ்வளவு காலமும் நான் ஆசைப்பட்டது அதுதான்.

இப்போது லியோன் இல்லாவிட்டால் கிண்ணமே இல்லை என்கிறீர்கள். விட்டுக்கொடுக்கும் மனதோடு அவன் பின்கதிரைக்கு வந்தானாம். அந்தக் கதிரையில் அவனை இருத்தியவன் நான். அதற்குப் போய் அவனுக்கு எதற்குப் பெயர்?

பொலிசுக்குச் சொல்வதென்றால் சொல்லுங்கள். என் கைப்பட எழுதியிருக்கிறேன், மறுக்கமாட்டேன். மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் பெயர் விஷயத்தில் ஓர் எழுத்துக்கூட விட்டுத்தர மாட்டேன். சொன்னது அவனுடைய வாய், அழுத்தியது என்னுடைய விரல். அடுத்தவரின் பலத்தில் வெல்கிறவர்களை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும்.