சின்னவளின் கைராசி

ஈ தின்னும் செடிக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, ஐயா. மழைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் முதலில் கோட்டைவிடுவது அங்கேதான்.

நானும் தங்கையும் ஒரே கடையில் ஆளுக்கொரு செடி வாங்கினோம். முள் வைத்த குட்டி வாய்கள். ஈ உட்கார்ந்தால் மூடிக்கொள்ளும். என் செடிக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. கறியைப் பொடியாக அரிந்து ஒவ்வொரு வாயிலும் ஊட்டினேன். எல்லாம் கறுத்து அழுகின.

"அக்கா, அதுக்குப் போய் விருந்து வெச்சிருக்கியே," என்று விழுந்து விழுந்து சிரித்தாள் தங்கை. அவள் செடி பூத்தது. வாய்களுக்கு எட்டாத உயரத்தில் மெல்லிய தண்டு, நுனியில் வெள்ளைப் பூக்கள்.

அம்மா இருப்பது என்னோடு. அவளைக் குளிப்பாட்டுவதும் மருந்து கொடுப்பதும் நான். அந்தப் பூவைப் பார்க்கக் கைத்தடியோடு தங்கை வீட்டுக்கு நாலு மாடி ஏறினாள். "சின்னவளுக்குக் கைராசி. தொட்டதெல்லாம் துலங்குது," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். நான் தையல்காரி. எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் தைத்ததைத்தான் உடுத்துகிறார்கள். என் கையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்.

எப்படிப் பூக்க வைத்தாய் என்று தங்கையிடம் கேட்டேன். "பனிக்காலத்துல நல்லாக் குளிர்ல தூங்க விடணும்க்கா. தூங்கினாத்தான் பூக்கும்," என்றாள். ஒளிக்காமல் சொன்னாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தப் பனிக்காலத்தில் அவளுக்கு நுரையீரலில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, உடம்பில் குளிர் படவே கூடாது என்றார் டாக்டர். மாப்பிள்ளை வேலைக்குப் போன நேரத்தில் நான்தான் பார்த்துக்கொண்டேன். சூப் வைத்துக் கொடுத்தேன், தலை வாரிவிட்டேன். மத்தியானங்களில் கட்டிலை ஒட்டிய ஜன்னலைத் திறந்து வைத்தேன். அவள் செடிக்கு அந்த ஜன்னலோரம்தான் இடம். குளிர் இல்லாமல் அது எப்படித் தூங்கும்? அவளுடைய கம்பளியைத் துவைத்துப் போட்டேன். அது லேசில் காயவில்லை. மாப்பிள்ளை வருவதற்குள் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

பனி விடுவதற்குள் அவள் போய்விட்டாள்.

செடியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது மொட்டு விட்டிருக்கிறது. அம்மா அழுதுகொண்டே அதைத் தடவிப் பார்த்து, "உனக்கும் கைராசிதான்டி," என்றாள். அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

ஜன்னலைத் திறந்தபோது தங்கை ஒன்றுமே சொல்லவில்லையா என்று மறுபடியும் கேட்கிறீர்கள். சொன்னாள். "குளிருதுக்கா, சாத்திடேன்," என்றாள். செடிக்காகத்தான் திறந்தேன் என்றேன். பற்கள் தந்தியடிக்கச் சிரித்தாள்.

"செடியா? அதைத்தான் போன மாசமே ஃபிரிட்ஜ்ல தூங்க வெச்சிட்டேனே!"

"சரி, நீயும் தூங்கு," என்றேன்.