பாலுக்குள் ஒரு பல்

சிறுமலையிலிருந்து திண்டுக்கல்லுக்கு இறங்கும் பேருந்தில், என் முன்னிருக்கையில், மடியில் ஒரு தூக்குவாளியை இறுகப் பற்றியிருந்த பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"இடிச்சிராதீங்கக்கா. பாலுக்குள்ள எங்க வீட்டுக்காரரு பல்லு கெடக்கு."

மறுபக்கத்தில், வாயைத் துண்டால் பொத்தியிருந்த கணவர் தலைகுனிந்தார்.

"எப்படி விழுந்துச்சாம்?"

"லாரியில வாழைத்தார் ஏத்துறப்ப வாயில இடிச்சிருச்சு. விழுந்த பல்லை ஓட்டு மேல எறிஞ்சிட்டாரு, முளைக்கும்னு! பேரன் எடுத்த பெறகும் பால்பல்லுன்னு நெனப்பு."

"சின்ன வயசுப் பழக்கம்டி," என்றார் கணவர் துண்டுக்குள்ளிருந்து.

"டாக்டருக்குப் போன் போட்டா, பால்ல போட்டுச் சட்டுனு கொண்டாங்க, திரும்ப வச்சுப் பாக்கலாம்ங்கிறாரு. ஏணி போட்டு நாந்தான் ஏறி எடுத்தேன்."

வளைவில் பேருந்து சாய்ந்தது. அவர் வாளியை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டார். கணவரோ முன்னிருந்த கம்பியில் மோதப் பார்த்தார்.

"என்னையும் செத்தப் பிடியேன்."

"நீங்க என்ன, கொட்டியா போயிருவீங்க?"

ஆயினும், அடுத்த வளைவு வருமுன் வாளியைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார்.

"சிந்தாமப் பிடிங்கக்கா," என்று சொல்லிவிட்டுக் கணவரின் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "மிச்சம் இருக்குற பல்லையாவது காப்பாத்தணும்ல."