ஏரிக்கரை முறியும் மலைமேல் முறியும்

— அத்தான், கார ஸ்டார்ட் பண்ணாதிய. மாமி பாயசத்த பாத்திரத்துல ஊத்தி எடுத்துட்டு வாறதுக்குள்ள இத முடிச்சிருவோம். ஏரிக்கரை ஓட்டலா, மலைமேல உள்ளதா?

— வீட்டுல போய் பாப்பமே லிஜி.

— வீட்டுல வச்சு எப்பம்? கல்யாணம் முடிஞ்சு இன்னைக்கு பத்தொம்பது நாளு. இருபத்திரண்டு வீட்டுல விருந்து. இப்பம் இந்த ரசலையன் மாமா வீட்டுல தின்ன கோழி தொண்டைக்குழியில நிக்குது. நாளைக்கு தோவாளையில மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, மறுநாளு இன்னொண்ணு.

— விருந்துக்கு போவாம இருக்க முடியுமா? ஒரு வீட்ட விட்டா சாவு வரைக்கும் சொல்லிக் காட்டுவாவ.

— போவண்டாம்னு நான் சொன்னனா? எல்லா வீட்டுலயும் சிரிச்சுட்டு தான இருந்தேன். ராத்திரி வந்து படுக்கப் போனா மாமிக்கு கால் உளைச்சல், தைலம் தேய்க்க மவன் உங்கள விளிப்பாவ. நீங்க தேய்ச்சு முடிச்சு வரும்போ நான் உறங்கியாச்சு. நம்ம ரண்டு பேரும் ஆள் இல்லாம பேசிப் பறயுதது இந்த காருக்குள்ள மட்டும் தான், கேட்டியளா? அதும் மாமி வார வரைக்கும்.

— ம்.

— சுவிட்சர்லாந்துல உள்ள எட்டு நாளு தான் அத்தான் எனக்கு உங்க கூட. அது முடிஞ்சா நீங்க தோஹாவுக்கு, நான் தேங்காய்ப்பட்டணத்துக்கு. அடுத்த லீவு ரண்டு வருஷம் கழிச்சு. அதனால இந்த ஓட்டல் பேப்பர ஒழுங்கா பாருங்க. ஏரிக்கரை ஓட்டல்ல நம்ம படுக்குத முறி நாலாவது மாடியில. கூட வாற மாமிக்கு ரண்டாவது மாடி.

— மலைமேல உள்ளதும் கொள்ளாம் தான?

— கொள்ளாம், நல்லது தான். யாரு இல்லன்னு சொன்னா? மரத்துல கெட்டினது, குட்டி ரயிலுல ஏறிப் போவணும், வெளிய பனி கெடக்கும்போ சுடுதண்ணி குளத்துல இறங்கி இருக்கலாம். காலம்பற பத்து வகை ரொட்டி. ஆனா அங்க ரண்டு முறிக்கும் நடுவுல ஒரு வாசல் உண்டு. தாழ்ப்பாளு மாமிக்க பக்கம். டிராவல்ஸ்ல உள்ள ஷிபாவ விளிச்சு கேட்டாச்சு.

— தாழ்ப்பாளு எந்தப் பக்கம்னு வரைக்குமா கேட்ட?

— கேப்பேன். வெக்கத்தப் பாத்தா எனக்கு ஆவுமா?

— அம்மா ஒத்தைக்கு படுத்ததே கெடையாது லிஜி. அப்பா போனப் பொறவு சித்தி வந்து கூட படுப்பாவ. முழிப்பு வந்தா யாரையாவது விளிக்கணும் அவளுக்கு.

— விளிக்கட்டும். ரண்டு மாடி ஏறி வந்து விளிக்கட்டும். அந்த கால் உளைச்சலோட எத்தன நாளு ஏறுவாவன்னு பாப்பம்.

— ஏட்டி, வாய அடக்கு.

— சிரிப்பு வருதில்லா? அப்பம் சம்மதிச்சிருங்க. ஏரிக்கரை முறிய நாலு மணி வரைக்கும் தான் பிடிச்சு வைப்பாளாம் ஷிபா. மணி மூணே முக்கால். ஃபோனத் தாங்க, நானே பறயுதேன்.

— நில்லு. அந்த மலைமேல உள்ளதுல... தனித்தனியா ரண்டு கட்டில் போட்ட முறி உண்டா?

— எதுக்கு?

— சும்மா கேட்டேன்.

— சும்மாவா? புதுசா கல்யாணம் கெட்டினவன் எவனாவது ரண்டு கட்டில் கேப்பானா? என்ன பிடிக்கல்லையா அத்தான்? உள்ளத சொல்லுங்க, நான் தாங்கிக்கிடுவேன்.

— சவத்த விடு. பிடிக்காமலா இந்த பத்தொம்பது நாளும்... பிடிச்சிருக்கு மக்கா. அதுனால தான் பறய முடியல்ல.

— எத பறய முடியல்ல? மூணு நாளா நீங்க முகம் தரல்ல. ஃபோன் வந்தா தென்னந்தோப்புக்கு எறங்கிப் போறிய. யாரு அது?

— கம்பெனில இருந்து.

— லீவுல இருக்க ஆள கம்பெனி எதுக்கு விளிக்குது?

— அங்க ஒருத்தன் சாரத்துல இருந்து விழுந்து கால ஒடிச்சுட்டான். அவனுக்க வேல தெரிஞ்சது நான் மட்டும் தான். லீவ வெட்டிட்டாவ லிஜி. வியாழக்கிழம டூட்டில நிக்கணும். புதன் ராத்திரி பிளைட்டு.

— சுவிஸுக்கு நமக்கு சனிக்கிழம தான?

— ஆமா.

— இன்னைக்கு திங்கள். அப்பம் இனி ரண்டு நாளு. அதுல மூணு விருந்து.

— அழுது கரயாத மக்கா. மாமா வீட்டு ஆளுவ பாக்குது.

— பாக்கட்டும். எல்லாம் தெரிஞ்சு வச்சுட்டா நான் தாழ்ப்பாளு, மாடின்னு பறஞ்சத கேட்டுட்டு இருந்திய? கூறு கெட்டவ மாதிரி இந்த பேப்பர நாலு நாளா தலயணைக்கு அடியில வச்சு படுத்திருக்கேன்.

— எங்க வச்சு சொல்ல? நீயே பறஞ்சியே, ஆள் இல்லாத எடம் ஏது?

— சரி, விடுங்க. கம்பெனிக்காரன நம்ம என்ன செய்ய? ஷிபாட்ட பறஞ்சு எல்லாத்தையும் கேன்சல் பண்ணிருவோம். அடுத்த லீவுக்கு போவோம், அப்பம் ஒரு விருந்தும் இருக்காது. என்ன அத்தான்?

— அம்மா ஊரு பூரா பறஞ்சாச்சு லிஜி. ஃபாதரு மூணு பாஸ்போர்ட்டுலயும் கைய வச்சு ஜெபிச்சாரு. ஓமனா அத்தைட்ட இருந்து கம்பிளி உடுப்பு கடம் வாங்கி, நேத்தைக்கு வெயில்ல போட்டு உணக்கி வச்சிருக்கா. இனி போவல்லன்னா அவ கோயிலுக்குள்ள எப்படி தல நிமிந்து போவா?

— அதுக்கு? நீங்க இல்லாம யாரு போறது?

— அதுக்கு தான்... அந்த ரண்டு கட்டில் முறி.

— அத்தான், எனக்க முகத்தப் பாத்து பறயுங்க.

— நேத்தைக்கே அம்மாட்ட சொல்லிட்டேன், நீங்க ரண்டு பேரும் போங்கன்னு. என்ன சீத்த பறஞ்சு திட்டாத. அவ வாறா, கண்ணத் தொடச்சுக்க.

— எனக்க மாதாவே, என்னா வெயிலு! ஏலே பிரபினே, ஏசியப் போடு. இந்தா மருமோளே, பாயசத்த சரியாம பிடி. என்னலே, இவளுட்ட சொல்லியாச்சா? ஐயோ பிள்ள கரயுதே! கரயப்பிடாது மக்ளே, அவன் போனா போட்டும், மாமி உண்டு பாத்துக்க. எட்டு நாளும் ஒரு நிமிஷம் உன்ன தனியா விடமாட்டேன்.